கசப்பான பேச்சை எந்த வழியில் பேசுவது: நேரில், கங்காணி மூலம், போனில், மெமோவில்

கம்பம், கூடலூர், போடிப் பக்கமிருந்து கேரள மலையேறிப் போய் ஏலக்காய்த் தோட்டத்திலும் காய் உலர்த்தும் ஸ்டோரிலும் தேக்கடி விடுதிகளிலும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வராமல் இருக்காது. ஒருவர் வேலை சரியில்லை. சொல்லாமல் விட்டால் மற்றவர்களும் அப்படியே ஆவார்கள். சொன்னால் ஆள் நாளைக்கு வருவாரா என்ற பயம். கூப்பிட்டு வைத்துப் பேசுவதா, ஆட்களைக் கூட்டி வந்த கங்காணியிடம் சொல்லிவிடுவதா, ராத்திரி போன் போடுவதா, எழுத்தில் விளக்கம் கேட்டு ஒரு மெமோவை நீட்டிவிடுவதா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

நகரத்து அலுவலகங்களுக்காக எழுதப்பட்ட யோசனைகள் இங்கே பாதிதான் பொருந்தும். அங்கே கதவு போட்ட அறை உண்டு. வேலை முடிந்தால் ஆளுக்கொரு திசை. இங்கே பேச்சு வாங்கியவர் சாயங்காலம் அதே ஜீப்பில், அதை எட்ட நின்று பார்த்தவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து மலையிறங்க வேண்டும். கம்பம்மெட்டு வளைவுகள் முடிவதற்குள் விஷயம் போன் வழியாக ஊருக்குப் போய்விடும். சொன்னவரும் கேட்டவரும் பல சமயம் ஒரே ஊர், சில சமயம் ஒரே தெரு. வீரபாண்டித் திருவிழாவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, பேச்சு எத்தனை காதுக்குப் போகிறது என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக எடை. ஒருவரிடம் தனியாகச் சொன்ன குறையை அவர் ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளலாம். பத்துப் பேர் முன்னால் சொன்னால், குறை உண்மையாகவே இருந்தாலும் அவர் மறுத்துத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஜீப்பில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

இரண்டாவது, சொன்னது சொன்னபடி போய்ச் சேர்கிறதா. தமிழ் மட்டும் தெரிந்த ஆளிடம் மலையாளத்தில் சொன்னாலும் இது கெடும். இடையில் ஓர் ஆளை வைத்தாலும் கெடும். மூன்றாவது, அவர் பக்கத்தைச் சொல்ல இடம் இருக்கிறதா. மேனேஜருக்குத் தெரியாத காரணம் ஒன்று இருப்பது அபூர்வம் அல்ல. நான்காவது, நாளைக்கு விவகாரம் தொழிலாளர் துறை அலுவலகம் வரை போனால் காட்டுவதற்கு ஏதாவது இருக்குமா.

கடைசியாகச் செலவு. கால் மணி நேரப் பேச்சு, ஒரு வெள்ளைத்தாள் என்பது கண்ணுக்குத் தெரியும் செலவு. யாருக்குக் கடன்படுகிறோம், எதை இனித் திரும்பப் பெற முடியாது என்பது தெரியாத செலவு. பெரும்பாலும் அதுதான் பெரியது.

## வாய் திறக்கும் முன்

எந்த வழியானாலும் தேதியும் அளவும் கையில் இல்லாமல் தொடங்கக் கூடாது. “எப்பப் பாத்தாலும் பிஞ்சாத்தான் எடுக்குறீங்க” என்பது சண்டைக்குக் கூப்பிடுவது. அதே விஷயத்தை எண்ணிக்கையாக மாற்றலாம். அவர் எடுத்த காயிலிருந்து நூறை எடுத்துக் கீறிப் பார்த்தால், பறிக்கும் பருவத்துக்கு முற்றிய கரிக்காயில் விதை கறுத்திருக்கும், பிஞ்சில் வெளுத்திருக்கும். எத்தனை வெள்ளை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பாத்தியில் எடுத்த வேறு இரண்டு பேர் காயிலும் இதையே செய்யுங்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் பாத்தியே இன்னும் முற்றவில்லையோ என்ற சந்தேகத்துக்குப் பதில் இருக்காது.

இழப்பையும் கணக்காகச் சொல்லலாம். நூறு கிலோ பச்சைக் கரிக்காய் உலர்ந்தால் ஏறத்தாழ 24 கிலோ கிடைக்கும். நூறு கிலோ பிஞ்சில் 14 கிலோ அளவுதான். முதலாளி ஏன் கத்துகிறார் என்பது தொழிலாளிக்கு இந்தக் கணக்கில் புரியும்.

வராத நாட்கள் என்றால் வருகை குறிக்கும் மஸ்டர் புத்தகத்தைப் பாருங்கள். அந்த நாளில் ஜீப்பே செக்போஸ்டில் நின்றதா, அவர் குழுவில் வேறு யாரும் வரவில்லையா, கீழே திராட்சைக் கவாத்தோ நாற்று நடவோ நடந்த வாரமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குழுவே வராத நாளுக்கு ஒருவரைப் பிடித்துக் கேட்பது அநியாயம்.

## முதல் வழி: நேரில், தனியாக

பத்தில் எட்டு விஷயத்துக்கு இதுதான் சரியான வழி. ஆனால் கெட்டுப்போவதும் இதில்தான் அதிகம், ஏனென்றால் தயாரிப்பு தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இடம். கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. பெண் தொழிலாளியை ஆண் மேனேஜர் கதவடைத்த அறைக்குள் கூப்பிடுவது இருவருக்குமே ஆபத்து. எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவின் ஓரம், காய் காயவைக்கும் முற்றத்தின் மறுகோடி போன்ற இடங்கள் நல்லவை. எடை போடும் இடம் ஆகவே ஆகாது. எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். காய் உலர்த்தும் டிரையர் ஓடும் அறையும் வேண்டாம். சத்தத்துக்கு மேல் பேசும்போது சாதாரணச் சொல்லும் அதட்டலாகக் கேட்கும். நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தால் இருவரும் நின்று பேசுங்கள். ஒருவர் உட்கார்ந்து ஒருவர் நிற்பது விசாரணையாகிவிடும்.

நேரம். காலையில் ஆள் பிரிக்கும்போது வேண்டாம், அப்போது மொத்தக் கூட்டமும் அங்கேதான் இருக்கும். வேலை முடிந்து ஜீப் ஏறும் முன்பும் வேண்டாம். அழுத முகத்தோடு ஏறினால் வழியெல்லாம் கேள்விதான். சம்பளம் போடும் நாள் எல்லாவற்றையும்விட மோசம், கூலியைப் பிடித்து வைக்கப் போகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலை தொடங்கும் சமயம் பொருத்தமானது. பேசி முடித்த பிறகு இரண்டு மணி நேரமாவது வேலை இருக்கும். முகம் தெளிய அது போதும்.

தொடக்கம். நடந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். பையன் படிப்பு, மழை, ஊர் நலம் என்று ஐந்து நிமிடம் சுற்றினால் எதிரில் இருப்பவருக்கு வயிறு கலங்குமே தவிர மனம் இளகாது. புகழில் தொடங்கி, குறையை நடுவில் செருகி, புகழில் முடிக்கும் பழக்கமும் உதவாது. கேட்டவர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். அடுத்த தடவை நீங்கள் பாராட்டினாலே பயப்படுவார்.

வயதில் மூத்த பெண்ணிடம் இப்படித் தொடங்கலாம்: “அக்கா, செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் ஒங்க காய்ல நூத்துக்கு முப்பது பிஞ்சா இருந்துச்சு. அதே பாத்தியில மத்தவங்களுக்குப் பத்துக்குள்ளதான். என்னக்கா ஆச்சு?”

பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். மூன்று நான்கு வினாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் மேனேஜரே காரணத்தையும் எடுத்துக் கொடுப்பார்: “கவனம் இல்ல, அதானே?” அதோடு பேச்சு முடிந்தது. அந்தம்மா தலையாட்டுவார், உண்மைக் காரணம் வெளியே வராது.

காத்திருந்தால் வருபவை வேறு. அடிப்படை எடைக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் கூலி என்று நீங்களே வைத்திருப்பீர்கள். எடை கூட்டத்தான் பிஞ்சையும் சேர்த்துப் பறிக்கிறார். அது அவர் குற்றம் மட்டும் அல்ல, கூலி முறையின் குற்றமும்கூட. அதை ஒப்புக்கொள்வதில் மேனேஜருக்குக் குறைவு ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் கண் பார்வை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். நிழல் அடர்ந்த தோட்டத்தில், செடியின் அடியில் காய் பிடிக்கும் சரத்தருகே குனிந்து காயின் நிறம் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. இருநூறு முந்நூறு ரூபாய்க் கண்ணாடியில் தீரும் விஷயத்துக்கு ஆளை மாற்ற நினைத்திருப்பீர்கள்.

நடுவில் வழிமாறும் இடங்கள். “மத்தவங்கள மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குறீங்க?” என்ற கேள்வி கட்டாயம் வரும். அடுத்தவர் விவகாரத்தை இவரிடம் பேசினால் நாளைக்கு இவர் விவகாரத்தையும் அடுத்தவரிடம் பேசுவீர்கள் என்று அர்த்தமாகிவிடும். “அவங்ககிட்ட பேச வேண்டியத அவங்ககிட்ட பேசுவேன், இப்ப ஒங்க வேலையப் பத்தி மட்டும் பேசுவோம்” என்று நிறுத்துங்கள். அழுதால் தண்ணீர் கொடுத்துக் காத்திருங்கள். அழுகையைப் பார்த்துவிட்டு “சரி சரி, விடுங்க” என்று முடிப்பதைப் போலக் கெடுதல் இல்லை. கோபப்பட்டுக் குரல் உயர்த்தினால் “நாளைக்கு மத்தியானம் பேசலாம்” என்று நேரம் குறித்து எழுந்துவிடலாம். ஆனால் மறுநாள் பேசியே ஆக வேண்டும். பழைய குறைகளை மூட்டையாக அவிழ்க்காதீர்கள். ஒரு உட்காரலுக்கு ஒரு விஷயம். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவரைக் கோபத்தில் “நீ” என்றோ விறைப்பாகப் பேர் சொல்லியோ கூப்பிட்டால், சொன்ன விஷயம் மறந்து அந்த ஒரு சொல்தான் ஊர் வரை போகும்.

முடிவு. என்ன மாற வேண்டும், எந்த நாளுக்குள், யார் பார்ப்பார்கள் என்று மூன்றையும் சொல்லி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். “அடுத்த வாரம் முழுக்க நூத்துக்குப் பதினஞ்சுக்குள்ள இருக்கணும். சனிக்கெழம நாம ரெண்டு பேரும் சேந்து எண்ணிப் பாப்போம்.” பிறகு டைரியில் நான்கு வரி எழுதுங்கள்: தேதி, நேரம், சொன்னது, அவர் சொன்ன காரணம், ஒப்புக்கொண்டது. கையெழுத்து வாங்க வேண்டாம். வாங்கினால் அது வேறு வழியாகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு இதில் ஒன்றுதான். சனிக்கிழமை நீங்கள் எண்ண வராவிட்டால் பேசியதெல்லாம் வீண். அடுத்த தடவை பேசும்போது மதிப்பும் பாதியாகக் குறைந்திருக்கும்.

## இரண்டாவது வழி: கங்காணி அல்லது யூனியன்காரர் மூலம்

மலைப்பக்கத்தில் அதிகம் கையாளப்படுவது இதுதான். அதிகம் நஷ்டம் தருவதும் இதுதான்.

கங்காணியிடம் சொல்வது சுலபம். ஆள் அவருடையது, ஜீப்புக்கு ஆள் சேர்ப்பவர் அவர், ஊரில் அவர் சொல்லுக்கு மரியாதை உண்டு. ஆனால் அவரிடம் தொழிலாளி முன்பணம் வாங்கியிருக்கலாம். அப்போது “காயைப் பாத்து எடுக்கச் சொல்லுங்க” என்று நீங்கள் சொன்னது, “வாங்குன காசத் திருப்பிக் குடு, இல்லேன்னா ஒழுங்கா இரு” என்று போய்ச் சேரும். அவருக்கு வேண்டிய ஆளாக இருந்தால் விஷயம் போய்ச் சேரவே சேராது. வேண்டாத ஆளாக இருந்தால் உங்கள் பேரைச் சொல்லி நிறுத்திவிடுவார். நீங்கள் சொல்லாத வேலைநீக்கத்துக்கு நீங்கள் பொறுப்பாவீர்கள்.

இதில் மேனேஜர் படும் கடன் வேறு. உங்களுக்காகக் கசப்பைச் சுமந்தவர், சீசன் நடுவில் தலைக்கு இவ்வளவு கூட்டித் தாருங்கள் என்று வரும்போது மறுப்பது கஷ்டம். உங்களால் நேரில் பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கங்காணி வழி பொருந்தும் இடமும் உண்டு. குழு முழுவதற்கும் பொதுவான செய்தி: நேர மாற்றம், மழைக்கோட்டு, எந்தப் பாத்தி முதலில் என்பவை. தொழிலாளி வீட்டில் சாவு, நோய் போல ஏதாவது நடந்திருக்கிறதா என்று விசாரிப்பதற்கும் அவரே சரியான ஆள். தகவல் போகலாம், விசாரிப்பு போகலாம். குறை மட்டும் அந்த வழியில் போகக் கூடாது.

யூனியன்காரரை வைத்துப் பேசுவதும் இதே வகைதான் என்று தோன்றும். ஆனால் கணக்கு வேறு. தேயிலை எஸ்டேட்டுகளில் நிரந்தரத் தொழிலாளர்கள் சிஐடியு, ஐஎன்டியுசி, ஏஐடியுசி என்று ஏதாவதொரு தொழிற்சங்கத்தில் இருப்பார்கள். தண்டனை வரை போகக்கூடிய விவகாரத்தில் அவர்கள் ஆள் உடனிருப்பது தொழிலாளிக்கும் பாதுகாப்பு, நிர்வாகத்துக்கும் பாதுகாப்பு. பிறகு “மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்” என்ற பேச்சு எழாது. வேலை இடமாற்றம், ஷிப்ட் மாற்றம் போலப் பலரைத் தொடும் விஷயங்களுக்கும் அவர்களை முதலிலேயே சேர்ப்பது நல்லது.

ஆனால் யூனியன் தலைவர் ஒத்துக்கொண்டால் தொழிலாளி ஒத்துக்கொண்டதாகும் என்று எண்ணிவிட வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள், முந்தைய 20 சதவீத போனஸைப் பாதியாகக் குறைத்ததை எதிர்த்துத் தெருவில் உட்கார்ந்தபோது, யூனியன் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை. ‘பொம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று பேர் வாங்கிய அந்தப் போராட்டம் பழைய தலைவர்களைத் தாண்டியே பேச்சுவார்த்தைக்குப் போனது. தலைவரிடம் பேசினாலும் ஆளிடமும் பேசத்தான் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இந்த மலையில் கிடையாது. முதல் தடவை பிஞ்சு எடுத்ததற்கெல்லாம் யூனியன்காரரைக் கூப்பிட்டால் சின்ன விஷயம் கட்சி விஷயமாகிவிடும்.

## மூன்றாவது வழி: போனும் வாட்ஸப்பும்

இதை நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. குறை சொல்வதற்கு எழுத்து மெசேஜ் வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் அதைவிட வேண்டாம். பல வீடுகளில் ஒரு போன்தான். எடுப்பது கணவரோ மகனோ. வாய்ஸ் மெசேஜை ஜீப்பில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். ஒரு காதுக்குப் போக வேண்டியது எத்தனை காதுக்குப் போகும் என்ற கணக்கே இல்லை. குரூப்பில் பேர் போட்டு எழுதுவது பகிரங்க அவமானம்தான், வேறு பேர் கிடையாது.

வராத ஆளிடம் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கும், “நாளைக்குச் சாப்பாட்டுக்கப்புறம் ஒரு பத்து நிமிஷம் பேசணும், வேலைல ஒரு விஷயம்” என்று நேரம் குறிப்பதற்கும் போன் நல்லது. அப்போது விஷயம் இன்னதென்று ஒரு வரியாவது சொல்லிவிடுங்கள். மொட்டையாகப் “பேசணும்” என்றால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார், மறுநாள் வரவும் மாட்டார்.

டிரைவர், இரவுக் காவலாளி போல நேரில் அகப்படாதவர்களுக்குப் போனைத் தவிர வழி இல்லை என்றால் இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள்: “வண்டி ஓட்டிட்டு இருக்கீங்களா? பக்கத்துல யாரும் இருக்காங்களா?” மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் குறை பேசுவது விபத்தைக் கூப்பிடுவது.

## நான்காவது வழி: மெமோ

மெமோவைப் பலர் கோபத்தில் எழுதுகிறார்கள். அது பேச்சின் வேலையைச் செய்யாது. பேசியும் மாறவில்லை, அல்லது பேச்சோடு விட முடியாத அளவு பெரியது என்னும்போதுதான் அதற்கு இடம்.

எழுதும்போது என்ன நடந்தது என்பது மட்டும் இருக்க வேண்டும்: தேதி, நேரம், இடம், அளவு, யார் பார்த்தார்கள். “திமிராக நடந்துகொண்டீர்கள்” என்பது முடிவு. “சூப்பர்வைசர் சொன்ன வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்” என்பது நிகழ்ச்சி. முன்னால் பேசிய தேதியைக் குறிப்பிடுங்கள். அந்த நான்கு வரி டைரிக் குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும். பதிலுக்கு மூன்று முதல் ஏழு நாள் தருவது வழக்கம். தண்டனையையும் அதே தாளில் எழுதிவிட்டால், முன்பே முடிவு செய்துவிட்டு விளக்கம் கேட்டதாகிவிடும். விசாரணை அங்கேயே அடிபட்டுப்போகும்.

மொழியில்தான் எல்லைப் பகுதி மெமோக்கள் தோற்கின்றன. ஆபீஸில் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த படிவம் இருக்கும். வாங்குபவர் தமிழ் மட்டும் படித்தவர், அல்லது எதுவுமே படிக்காதவர். தமிழில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அவருக்கு வேண்டிய ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டி, ‘வாசித்துக் காட்டப்பட்டது’ என்று எழுதி, கைரேகையும் சாட்சிக் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். மறுத்தார் என்று ஆபீஸ் நகலில் இரண்டு சாட்சிகளோடு குறித்துவிட்டு, வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவதும், சொல்லச் சொல்ல மன்னிப்புக் கடிதம் எழுத வைப்பதும் இன்னும் நடக்கின்றன. விசாரணையில் அந்தத் தாள் நிற்பதும் சந்தேகம். வாங்கிய விதம் வெளியே வந்தால் மற்ற ஆதாரங்களின் மேலும் சந்தேகம் விழும்.

அபராதம் பற்றியும் தெளிவு வேண்டும். ஊதியச் சட்டப்படி அபராதம் அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விதிக்கும் முன் அவர் விளக்கத்தைக் கேட்க வேண்டும். வராத நாளுக்கு அந்த நாள் கூலியைப் பிடிக்கலாம், ஒரு நாள் லீவுக்கு இரண்டு நாள் கூலி என்று மேனேஜர் தன்னிஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. நிலையாணைகள் (வேலை நிபந்தனைகளை வகுக்கும் சட்டப்படியான விதிகள்) பொருந்தும் நிறுவனத்தில் விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் முதல் 90 நாளுக்கு ஊதியத்தில் பாதியும், அதற்குமேல் தாமதம் அவரால் இல்லாவிட்டால் 75 சதவீதமும் பிழைப்புப்படியாகத் தர வேண்டும். புகார் சொன்ன மேனேஜரே விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது.

மெமோவின் மறைமுகச் செலவு, அதைப் பாதியில் விட முடியாது என்பது. கொடுத்துவிட்டுப் பதிலும் வாங்காமல், முடிவும் எழுதாமல் விட்டால் அடுத்த மெமோவைப் பொட்டலம் மடிக்கத்தான் வைத்துக்கொள்வார்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அதே தப்புக்கு இன்னொருவருக்குக் கொடுக்காவிட்டால் பாரபட்சப் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு நியாயமும் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | நேரில் தனியாக | கங்காணி / யூனியன் | போன் | மெமோ |
|---|---|---|---|---|
| எத்தனை காது | ஒன்று | இரண்டு முதல் ஊர் வரை | யார் கையில் போனோ அவர் | ஆபீஸ், சாட்சிகள், பிறகு குழு |
| சிதையாமல் சேருமா | சேரும் | இடையில் இருப்பவரைப் பொறுத்தது | பாதி | மொழி சரியாக இருந்தால் சேரும் |
| பதில் சொல்ல இடம் | நிறைய | கங்காணியில் இல்லை; யூனியனில் உண்டு | குறைவு | உண்டு, எழுத்தில் |
| ஆதாரம் | டைரிக் குறிப்பு மட்டும் | யூனியன் முன்னிலை என்றால் ஓரளவு | பலவீனம் | வலு |
| மறைமுகச் செலவு | திரும்பப் பார்க்க வேண்டிய கடமை | கடன்பாடு, அதிகாரம் கைமாறுதல் | பரவுதல் | பாதியில் விட முடியாது |

## எந்தச் சூழலுக்கு எது

வேலைத் தரம் குறைவது, தாமதம், சொல்லாமல் லீவு, சக ஆட்களோடு வாய்ச்சண்டை: முதல் தடவை நேரில். இரண்டாவது தடவையும் நேரில்தான். ஆனால் இந்தத் தடவை “மறுபடி வந்தா எழுத்துல கேக்க வேண்டி வரும்” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்றாவதுக்கு மெமோ. இந்த வரிசையைக் குழுவுக்குப் பொதுவில் ஒருமுறை அறிவித்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. அந்த அறிவிப்பைக் கங்காணி மூலமே செய்யலாம்.

சீசன் உச்சத்தில், ஆள் கிடைக்காத நாட்களில், “இப்பச் சொன்னா ஓடிடுவாங்க, அறுவடை முடியட்டும்” என்று தள்ளிப்போடுவது வழக்கம். இது தவறான கணக்கு. ஜூலையில் கண்ட குறையைத் தையில் சொன்னால், அதுவரை சம்மதித்துத்தான் இருந்தீர்கள் என்று அர்த்தம். தள்ளிப்போடுவதும் ஒரு வழிதான், செலவு கணக்கில் வராத ஐந்தாவது வழி.

வேலையை விட்டு அனுப்பும் முடிவு என்றால் தாளும் நேரில் பேச்சும் சேர்ந்தே வர வேண்டும். பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முடிவைச் சொல்லுங்கள், தர வேண்டிய பணத்தின் கணக்கைக் கையில் கொடுங்கள், என்றைக்குக் கிடைக்கும் என்று சொல்லுங்கள். சமாதானம் சொல்லப் போனால் அது பேரமாக மாறும்.

குடித்துவிட்டு வேலைக்கு வந்தவரிடம் அன்றைக்கு எந்த வழியிலும் பேசாதீர்கள். வேலையிலிருந்து விலக்கி, இரண்டு பேர் பார்த்ததைக் குறித்துவிட்டு, துணைக்கு ஆள் போட்டுக் கீழே அனுப்புங்கள். தன் பைக்கில் மலையிறங்க விடக் கூடாது. பேச்சு மறுநாள், தெளிந்த பிறகு.

பெண் தொழிலாளி ஒருவர் பாலியல் தொல்லை என்று சொன்னால் இந்த நான்கில் எதுவும் பொருந்தாது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொல்லி முடிப்பதும், இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவதும் மேனேஜரின் வேலை அல்ல. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமானால் மாவட்ட அளவிலான குழு. புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுத்து உதவ வேண்டியது குழுவின் பொறுப்பு. கங்காணிக்கு இந்த விஷயம் தெரியவே கூடாது.

காய் திருட்டுச் சந்தேகத்தில் முதலில் பேச வேண்டியது ஆளிடம் அல்ல, கணக்கிடம். பச்சைக் காய் எடைப் பதிவையும் உலர்ந்த காய் எடைப் பதிவையும் வைத்து விகிதம் பாருங்கள். ஒரு டிரையரில் மட்டும் அல்லது ஒருவர் ஷிப்டில் மட்டும் விகிதம் தொடர்ந்து விழுகிறதா என்று இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுங்கள். ஈரமான நாளில் பறித்த காய் எடை கூடுதலாகக் காட்டும், பிஞ்சு அதிகமானாலும் விகிதம் விழும். இவை இரண்டையும் கழித்த பிறகும் குறைந்தால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். அப்போதும் தனியாக அல்ல, ஒரு சாட்சியோடு. கேள்வியும் “எடுத்தீங்களா?” என்று இருக்கக் கூடாது. “இந்த மூணு நாள்ல 40 கிலோ பச்சைக்கு ஆறரை கிலோதான் வந்திருக்கு. எப்பவும் எட்டரைக்கு மேல வரும். ஒங்க ஷிப்ட்ல என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லுங்க.”